பதினொன்று

அக்ரன் நகரத்தில் என் கட்டில் ஆறியதே இல்லை.
நான் எழுந்து போனால் துஷான் வந்து படுப்பான்,
அவன் எழுந்து போனால் நான்.
ஆளுக்கு வாரம் இரண்டு டாலர்.
ஐந்து மாதமாகியும் அவன் கண் திறந்து நான் பார்த்ததில்லை.
தலையணைக் குழியில் அவன் தலையின் அளவு தெரியும்,
கறுப்பு மயிர் இரண்டு,
சில நாள் பூண்டு வாசம்.

என் வேலை தராசில்.
நூறு பங்கு ரப்பருக்கு ஆறு பங்கு கந்தகம்.
மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரி வாரிய கைக்கு
இந்த மஞ்சள் மாவு விளையாட்டுச் சாமான்.
கந்தகம் சேராத ரப்பருக்கு மானமில்லை:
வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும்,
அழுத்திய விரலின் பள்ளத்தைச்
சுமந்துகொண்டே கிடக்கும்.
சேர்ந்து வெந்துவிட்டால் ரோஷம் வந்துவிடும்,
இழுத்தால் போகும், விட்டால் திரும்பும்.
ரோஷமும் மிஞ்சக்கூடாது.
அடுத்த கூடத்தில் ஐந்து மடங்கு கந்தகம் போட்டுச்
சீப்பு செய்கிறார்கள்,
கீழே விழுந்தால் உடையும்.

வேக மூன்று மணி நேரம்.
நீராவிக் கொப்பரைக்குள் என்னதான் நடக்கிறது என்று
ரசாயனக்காரர் வைகாஃபைக் கேட்டேன்.
எதையோ எதனோடோ முடிச்சுப் போடுகிறது, என்றார்,
அவருக்கும் தெரியாது.
ஆனால் மகா சோம்பேறி, என்றார்.

பனி உருகிய வாரம் ஒரு பீப்பாய் வந்தது.
பெயர் கிடையாது. சுண்ணக்கட்டியில் 11 என்று எழுதியிருந்தது.
எண்ணெய். காற்றுப் பட்டால் பழுப்பேறும்,
அழுகிய மீன் நெடி.
குடம் பாலுக்கு ஒரு கரண்டி பிரை போல
அளந்து ஊற்றினால் போதும்.
முடிச்சுப் போடுவது கந்தகம்தான்,
அதன் தோளைப் பிடித்து உலுக்குவது இது.
மூன்று மணி நேரம்
ஒன்றே காலாயிற்று.

மேஸ்திரி ஃபென்ஸ்டர்மேக்கர் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார்.
சனிக்கிழமைச் சீட்டில்
ஈட்டுக்குப் பதினாலு காசு, ஆறாகியிருந்தது.
அதிகம் ஈடு எடுக்கிறீர்கள், கணக்கு சரியாகிவிடும், என்றார்.
சரியாகத்தான் ஆனது.
ஒரு காசு கூடவில்லை.

கிளெம் யோஹோ ஒருமுறை தூக்கக் கலக்கத்தில்
இரண்டு முறை ஊற்றிவிட்டான்.
அச்சுக்குப் போகுமுன்பே, உருளைமேலேயே,
கொத்துக் கொத்தாய் முறுகி நின்றது மொத்தக் கலவையும்.
வேகாததை வேகவைக்கலாம்.
வெந்ததைத் திருப்ப
எந்த எண்ணிலும் பீப்பாய் இல்லை.

கிடங்கில் ஆறிய டயர்கள்மேல் சில நாளில்
வெளிறிய தூசு பூக்கும்.
முடிச்சில் இடம் கிடைக்காத கந்தகம்
உள்ளே இருக்கப் பிடிக்காமல் மேலே வந்து நிற்பது.
ஞாயிற்றுக்கிழமை, கட்டில் அவன் முறையில் இருக்கும்போது,
ஹோவர்ட் தெருவில் நாங்கள் நிற்போமே,
அப்படி.

முதலில் கிளெமின் உதடு. பிறகு நகக்கண்.
கறுப்புத் திராட்சை தின்றாயா என்று சிரித்தோம்.
நீலமானவர்கள் பீர் குடித்தால்
நின்ற இடத்தில் சரிந்தார்கள்.
சிரிப்பு குறைந்தது.

செவ்வாய்க்கிழமை என் முறை.
தராசு முள் இரண்டாகத் தெரிந்தது.
வீட்டுக்குப் போ, என்றார்கள்.
படியேறிக் கதவைத் திறந்தால்
கட்டிலில் துஷான்.
விழித்துக்கொண்டான்.

என் உதட்டைப் பார்த்தான், பிறகு நகத்தை.
போர்வைக்கு வெளியே கிடந்தது அவன் கை,
முழங்கை வரை கொப்பரை மூடி சுட்ட வரிகள்,
பழையவை வெள்ளை, புதியவை சிவப்பு.
நான் நிறுத்தனுப்பும் ஈட்டை
இத்தனை நாளும் வெளியே இழுத்தது அவன்தான்.
சிவப்பு எத்தனை என்று எண்ணப் பார்த்தேன்,
தலை சுற்றியது.

தன் உதட்டைத் தொட்டு, என்ன, என்பதுபோல் கையை விரித்தான்.
எனக்கு அவன் பாஷை ஒரு சொல் தெரியாது.
"பதினொன்று," என்றேன்.
ஜன்னல் பக்கம் திரும்பி வெயிலைப் பார்த்தான்.
தலையாட்டினான். மணியும் அதுதான்.

பிறகு சுவரோரம் ஒண்டிக்கொண்டான்.
இரண்டு பேருக்கு அகலம் போதாது,
என் ஒரு கால் தரையில்.
கட்டில்
அன்றைக்கும் ஆறவில்லை.